நாய்க்கு வலிப்பு வந்தால் அது வெறிநோயா? செல்லப் பிராணிகளின் வலிப்பு நோயைக் கண்டறிவது எப்படி?

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸ் வாசலில் நாய் ஒன்று திடீரெனச் சரிந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு கால்களும் விறைக்கின்றன. வாயில் நுரை தள்ளுகிறது. படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்விடுகிறது. பார்த்தவர்களில் ஒருவர், "வெறி புடிச்சிருச்சு போல, யாரும் கிட்ட போகாதீங்க" என்பார். இன்னொருவர், "சாவிக்கொத்து இருந்தா எடுத்து வைங்க, இரும்பு பட்டா நின்னுரும்" என்பார்.

ஓரிரு நிமிடத்தில் நாய் எழுந்துவிடும். கொஞ்ச நேரம் சுவரில் முட்டிக்கொண்டு நடக்கும். பிறகு ஒன்றுமே நடக்காதது போல தண்ணீர் குடிக்கும். "சாவி வச்சதாலதான் சரியாச்சு" என்று ஒரு கூட்டம் நம்பும். "எதுக்கும் தள்ளி வைங்க, புள்ளைங்க இருக்கிற வீடு" என்று மற்றொரு கூட்டம் எச்சரிக்கும்.

இதில் இரண்டு விதமான தவறுகள் நடக்கின்றன. வலிப்பு நோய் உள்ள நாயை வெறிநாய் என்று நினைத்துத் துரத்தினால், மருந்து கொடுத்துப் பல ஆண்டுகள் நன்றாக வாழக்கூடிய ஒரு பிராணி தெருவில் சாகிறது. வெறிநோய் வந்த நாயை "சாதாரண ஃபிட்ஸ்தான்" என்று மடியில் தூக்கி வைத்துக்கொண்டால், மனித உயிருக்கே ஆபத்து. இரண்டையும் தவிர்க்க வேண்டுமானால், வலிப்பை மருத்துவர்கள் எப்படிப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும்.

வலிப்பு வேறு, வலிப்பு நோய் வேறு

மூளையின் நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று மின்சமிக்ஞைகளால் பேசிக்கொள்கின்றன. ஒரு பகுதியில் உள்ள செல்கள் கட்டுப்பாடில்லாமல் ஒரே நேரத்தில் மின்சமிக்ஞைகளை வெளிவிட்டால் அதுதான் வலிப்பு. இது ஓர் அறிகுறி மட்டுமே. காய்ச்சலுக்குப் பல காரணங்கள் இருப்பது போல வலிப்புக்கும் பல காரணங்கள் உண்டு.

எந்த வெளிக்காரணமும் இல்லாமல், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை வலிப்பு வந்தால்தான் அதை 'வலிப்பு நோய்' என்று அழைக்கலாம். 2015-ல் சர்வதேச கால்நடை வலிப்பு நோய்ப் பணிக்குழு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இப்படித்தான் வரையறுக்கின்றன. அதற்கு முன்பு ஒவ்வொரு நாட்டிலும், ஏன் ஒவ்வொரு மருத்துவமனையிலும்கூட ஒவ்வொரு கணக்கு இருந்தது.

காரணங்களை மூன்று கூடைகளாகப் பிரிக்கலாம்.

ஒன்று, மூளைக்கு வெளியே இருக்கும் கோளாறு. ரத்தத்தில் சர்க்கரை குறைவது, கால்சியம் குறைவது, கல்லீரல் பழுது, விஷம் போன்றவை. மூளை நன்றாகத்தான் இருக்கும். அதற்கு வந்து சேரும் ரத்தத்தில்தான் பிரச்சினை. காரணத்தைச் சரிசெய்தால் வலிப்பு நின்றுவிடும். இதை வலிப்பு நோய் என்று சொல்வதில்லை.

இரண்டு, மூளைக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியும் பாதிப்பு. கட்டி, பக்கவாதம், தலையில் பட்ட பழைய அடி, மூளை அழற்சி, பிறவிக் குறைபாடு ஆகியவை இதில் வரும்.

மூன்று, எவ்வளவு தேடினாலும் மூளையில் எந்தக் கோளாறும் தெரியாத, பெரும்பாலும் மரபணு சார்ந்ததாகக் கருதப்படும் வலிப்பு நோய். நாய்களில் அதிகம் காணப்படும் நீண்டகால நரம்பு நோய்களில் இது ஒன்று. பிரிட்டனில் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், 1,000 நாய்களில் சுமார் 6 நாய்களுக்கு வலிப்பு நோய் இருந்தது. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பீகிள், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற இனங்களில் இது குடும்ப வழியாக வருவது தெரிந்த விஷயம்.

இந்த மூன்றாவது வகையை நேரடியாக 'ஆமாம், இதுதான்' என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் மிஞ்சுவதுதான் முடிவு.

வெறிநோய் இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தியா ரேபிஸ் பரவலாக உள்ள நாடு. அதனால் இங்கே கழிக்க வேண்டிய முதல் காரணம் இதுதான். தடுப்பூசி போட்ட அட்டை கையில் இருக்கிறதா, சமீப மாதங்களில் வேறு நாயோ பூனையோ கடித்ததா என்ற இரண்டு கேள்விகளுக்கும் நேர்மையான பதில் வேண்டும்.

வலிப்பு நோய் உள்ள நாய், இரண்டு வலிப்புகளுக்கு நடுவில் வழக்கமான நாயாகவே இருக்கும். சாப்பிடும், வாலாட்டும், கூப்பிட்டால் வரும். ரேபிஸ் அப்படி இல்லை. குணம் மாறுவது, குரைப்பு கரகரப்பாவது, கீழ்த்தாடை தொங்குவது, எச்சில் நிற்காமல் ஒழுகுவது, விழுங்க முடியாமல் தவிப்பது, கால்கள் செயலிழப்பது என்று ஒவ்வொரு நாளும் நிலைமை மோசமாகிக்கொண்டே போகும். அறிகுறி தெரிந்த நாய் பொதுவாக 10 நாள்களுக்குள் இறந்துவிடும். கடித்த நாயை 10 நாள் கண்காணிக்கச் சொல்வதன் காரணமும் இதுதான்.

சந்தேகம் இருந்தால் நாயின் வாயைத் திறந்து பார்க்கவே கூடாது. கடியோ கீறலோ பட்டிருந்தால், அல்லது எச்சில் காயத்தில் பட்டிருந்தால், உடனே சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். 'நாய் சரியாயிருச்சே' என்று தள்ளிப்போடக் கூடாது. தடுப்பூசியை ஆரம்பித்துவிட்டு நாயைக் கண்காணிக்கலாம். நாயைக் கண்காணித்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருக்க முடியாது.

ரேபிஸுக்கு அடுத்து வருவது டிஸ்டெம்பர். தடுப்பூசி போடாத குட்டிகளில் சளி, காய்ச்சல், கண்ணில் பீளை, வயிற்றுப்போக்கு என்று தொடங்கி, சில வாரங்களில் மூளையைத் தாக்கும் வைரஸ் இது. சூயிங்கம் மெல்வது போலத் தாடை மட்டும் படபடவென அசைவதும், தூங்கும்போதும் ஒரு கால் மட்டும் தாளம் போடுவது போலத் துடித்துக்கொண்டே இருப்பதும் இதன் அடையாளங்கள். தெருவிலிருந்து தூக்கி வந்து வளர்க்கும் குட்டிக்கு வலிப்பு வந்தால் மருத்துவர் முதலில் நினைப்பது பெரும்பாலும் இதைத்தான்.

விழுந்ததெல்லாம் வலிப்பா?

இல்லை. வலிப்பு போலத் தோன்றும் வேறு பல விஷயங்கள் உண்டு.

மயக்கம்: இதய நோய் உள்ள நாய் ஓடிவிட்டு வந்ததும், அல்லது உற்சாகத்தில் குதிக்கும்போதே துவண்டு விழும். உடல் விறைக்காமல் தொளதொளவென இருக்கும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் எழுந்து, எந்தக் குழப்பமும் இல்லாமல் நடக்கும். வலிப்போ பெரும்பாலும் ஓய்வாகப் படுத்திருக்கும்போது அல்லது தூக்கத்தில் வரும். முடிந்த பிறகும் குழப்பம் நீடிக்கும்.

காதுச் சமநிலைக் கோளாறு: வயதான நாய் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, வட்டமடித்து விழும். கருவிழிகள் ஊஞ்சல் போல ஆடும். ஆனால் நினைவு இருக்கும்; பெயர் சொன்னால் திரும்பும்.

தலை நடுக்கம்: புல்டாக், பாக்ஸர், டாபர்மேன் இனங்களில் தலை மட்டும் 'ஆமாம், இல்லை' என்பது போல ஆடும். பிஸ்கட் காட்டினால் நின்றுவிடும்.

கனவு: தூக்கத்தில் கால் உதறுவதும் மெல்ல முனகுவதும் சாதாரணம். கூப்பிட்டால் எழுந்துவிடும். வலிப்பில் இருக்கும் நாயை எழுப்ப முடியாது.

பூனையில் இன்னொரு வேடிக்கை: பருவத்துக்கு வந்த பெண் பூனை தரையில் உருண்டு புரண்டு கத்துவதைப் பார்த்து, "டாக்டர், ஃபிட்ஸ் வந்துருச்சு" என்று பதறி ஓடி வருபவர்கள் உண்டு.

மறுபக்கம், வலிப்பு என்றே தெரியாமல் போகும் வலிப்பும் இருக்கிறது. உடல் முழுவதும் உதறுவது ஒரு வகைதான். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் துடிப்பது, இல்லாத ஈயைப் பிடிப்பது போலக் காற்றைக் கவ்வுவது, திடீரென ஒரே இடத்தை வெறித்துப் பார்ப்பது ஆகியவையும் மூளையின் ஒரு பகுதியில் மட்டும் நடக்கும் வலிப்பாக இருக்கலாம்.

டாக்டருக்கு முதலில் தேவை உங்கள் செல்போன் வீடியோ

மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது நாய் சகஜமாக இருக்கும். டாக்டர் கண்முன்னே வலிப்பு வருவது அபூர்வம். எனவே, நோயைக் கண்டறியும் வேலையில் பாதி வீட்டில் இருப்பவர் சொல்லும் விவரத்தில்தான் இருக்கிறது.

"எப்ப ஆரம்பிச்சுது? எவ்வளவு நேரம் நீடிச்சுது? அதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தது? ரெண்டு பக்கமும் உதறுச்சா, ஒரு பக்கம் மட்டுமா? முடிஞ்ச பிறகு எப்படி இருந்தது? என்ன சாப்பிட்டது? வீட்டுல மருந்து அடிச்சீங்களா?" இவைதான் வழக்கமான கேள்விகள். "என்னமோ ஒரு மாதிரி ஆயிருச்சு டாக்டர்" என்ற பதிலை வைத்து எதுவும் செய்ய முடியாது.

அதனால் வலிப்பு வந்தவுடன் ஒருவர் நாயைக் கவனிக்க, இன்னொருவர் வீடியோ எடுக்க வேண்டும். தலை முதல் வால் வரை முழு உடலும் தெரிய வேண்டும். கண், வாய், கால்கள் தெளிவாகப் பதிவாக வேண்டும். எழுந்த பிறகு நடக்கும் விதத்தையும் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்வது நல்லது. வீடியோ இருந்தும்கூட முடிவு சொல்வது எளிதல்ல. நாய், பூனைகளின் வீடியோக்களைப் பல மருத்துவர்களுக்குக் காட்டி 2015-ல் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், நரம்பியல் நிபுணர்களுக்குள்ளேயே 'இது வலிப்பா, இல்லையா' என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. வீடியோவே இல்லாமல் வாய்வார்த்தையில் மட்டும் சொன்னால் எவ்வளவு கடினம் என்பதை யோசித்துக்கொள்ளலாம்.

அடுத்தது நோட்டு. சுரங்கமும் அனல்மின் நிலையமும் இரவு பகலாக இயங்கும் ஊர் நெய்வேலி. வீட்டில் ஒருவர் நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது இன்னொருவர் கிளம்பிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருப்பார்கள். ஆளுக்கொரு வலிப்பைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு கணக்குச் சொன்னால் டாக்டர் எதை நம்புவார்? குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ, ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிய காலண்டரிலோ, பார்த்தவர் உடனே குறிக்க வேண்டும்: தேதி, நேரம், எத்தனை நிமிடம், அதற்கு முன் என்ன, அதற்குப் பின் என்ன. மருந்து வேலை செய்கிறதா என்பதைப் பின்னாளில் முடிவு செய்வதும் இந்தக் குறிப்பை வைத்துத்தான்.

வயதை ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறார்கள்?

முதல் வலிப்பு வந்த வயது, காரணத்தை ஊகிக்க உதவும் முக்கியத் தடயம்.

6 மாதத்துக்குக் கீழே என்றால் டிஸ்டெம்பர், பிறவியிலேயே கல்லீரலைத் தாண்டிச் செல்லும் ரத்தக்குழாய், மூளையில் நீர் கோர்ப்பது, விஷம், சர்க்கரைக் குறைவு ஆகியவற்றைத் தேட வேண்டும். பொம்மை போல இருக்கும் சிறிய இனக் குட்டிகள் ஒருவேளை சாப்பிடாவிட்டாலே சர்க்கரை இறங்கிவிடும்.

6 மாதம் முதல் 6 வயதுக்குள் முதல் வலிப்பு வந்து, நடுவில் நாய் முழுக்க நலமாக இருந்தால், மரபு சார்ந்த வலிப்பு நோய்க்கு வாய்ப்பு அதிகம்.

6 வயதுக்கு மேல் முதல் முறையாக வந்தால் மூளைக் கட்டி, பக்கவாதம், உள்ளுறுப்புக் கோளாறு என்று யோசனை மாறும்.

இனமும் கொஞ்சம் பேசும். பக் இனத்தில் மூளையை அரிக்கும் ஒருவகை அழற்சி வருவதுண்டு. கம்பி போன்ற ரோமம் கொண்ட குட்டை டாக்ஸ்ஹண்ட் இனத்தில் லஃபோரா என்ற மரபணு நோய் 2005-ல் அடையாளம் காணப்பட்டது; பளிச்சிடும் வெளிச்சமோ திடீர் ஓசையோ பட்டால் உடல் சுண்டி இழுக்கும்.

என்னென்ன பரிசோதனைகள்?

சர்வதேச வழிகாட்டுதல்கள் மூன்று படிகளைச் சொல்கின்றன. முதல் படி பெரும்பாலான ஊர்களிலேயே ஏறக்கூடியது.

முதல் படி: உடல் பரிசோதனை, நரம்புப் பரிசோதனை, ரத்தம், சிறுநீர். நரம்புப் பரிசோதனைக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. நாய் நேராக நடக்கிறதா, பாதத்தை மடித்து வைத்தால் உடனே நிமிர்த்துகிறதா, கண்ணருகே கையைக் கொண்டுபோனால் இமைக்கிறதா, வெளிச்சத்துக்குக் கருவிழி சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். ஒன்று கவனிக்க வேண்டும்: வலிப்பு வந்த சில மணி நேரத்துக்கு, சிலசமயம் ஓரிரு நாள்களுக்கும்கூட, நலமான மூளையே தடுமாறும். அன்று தெரியும் குறையை நிரந்தரக் குறை என்று எடுத்துக்கொள்ளாமல், இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி பார்ப்பது அவசியம்.

ரத்தத்தில் அணுக்களின் எண்ணிக்கை, சர்க்கரை, கால்சியம், சோடியம், கல்லீரல், சிறுநீரக அளவுகள் பார்க்கப்படும். சர்க்கரை 40 மில்லிகிராமுக்குக் கீழே போகும்போது வலிப்பு வரும் ஆபத்து அதிகம். வீட்டில் அப்பாவுக்கு வாங்கிய சர்க்கரை பார்க்கும் கருவியில் நாயின் ரத்தத்தை வைத்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். அந்த எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

இரண்டாம் படி: வெறும் வயிற்றிலும், சாப்பிட்ட பிறகும் எடுக்கும் பித்த அமிலப் பரிசோதனை, மூளை எம்.ஆர்.ஐ., முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை.

மூன்றாம் படி: மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் இ.இ.ஜி. மனிதர்களுக்கு இது சாதாரணம். நாயோ ஒயர்களைப் பிய்த்துப் போட்டுவிடும். தலைத் தசையின் அசைவும் பதிவைக் கெடுக்கும். அதனால் இது சிறப்பு மையங்களோடு நின்றுவிடுகிறது.

முதல் படி முழுவதும் சரியாக இருந்து, வயதும் பொருந்தினால், அதை வைத்தே மரபு சார்ந்த வலிப்பு நோய் என்று கணித்து சிகிச்சையை ஆரம்பிக்கலாம். எல்லா நாய்க்கும் ஸ்கேன் கட்டாயமில்லை.

நெய்வேலியிலிருந்து ஸ்கேனுக்கு எப்போது கிளம்ப வேண்டும்?

விலங்குகளுக்கான எம்.ஆர்.ஐ. பெருநகரங்களில்தான் கிடைக்கிறது. அசையாமல் படுக்க வேண்டும் என்பதால் மயக்க மருந்து கொடுத்தே எடுக்க வேண்டும். செலவும் கணிசம். எனவே யாருக்குக் கட்டாயம் என்று தெரிந்துகொள்வது நல்லது:

முதல் வலிப்பு 6 மாதத்துக்கு முன்போ 6 வயதுக்குப் பிறகோ வந்திருந்தால்;
வலிப்பு இல்லாத நாளிலும் நடையிலோ பார்வையிலோ குறை தெரிந்தால்;
ஒரே நாளில் அடுத்தடுத்து வலிப்பு வந்தால், அல்லது ஒரு வலிப்பு நிற்காமல் நீடித்தால்;
சரியான அளவில் மருந்து கொடுத்தும் கட்டுப்படாவிட்டால்.

உள்ளூர் கால்நடை மருத்துவரிடம் முதல் படியை முடித்துவிட்டு, அவர் எழுதிக் கொடுக்கும் கடிதம், ரத்த அறிக்கை, வீடியோ, நோட்டு நான்கையும் எடுத்துக்கொண்டு போவதுதான் முறை. நெய்வேலிக்காரர்களுக்கு அருகில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி புதுச்சேரி குரும்பாபேட்டில் இருக்கும் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் சென்னை வேப்பேரி கல்லூரி, 1903-ல் தொடங்கிய பழமையான நிறுவனம். சுமார் 200 கிலோமீட்டர் தூரம். தஞ்சாவூர் பக்கம் போகக்கூடியவர்களுக்கு ஒரத்தநாட்டுக் கல்லூரி இருக்கிறது. எந்தப் பரிசோதனை எந்த நாளில் நடக்கும் என்று போனில் கேட்டுக்கொண்டு கிளம்பினால் அலைச்சல் மிச்சம். நீண்ட பயணத்தில் காரில் ஏசி அல்லது நல்ல காற்றோட்டம் இருக்க வேண்டும். வெப்பமே வலிப்பைத் தூண்டும்.

காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம்

முதல் வலிப்பு வந்த நாளில் வீட்டையும் தோட்டத்தையும் ஒருமுறை சுற்றிப் பார்ப்பது, ரத்தப் பரிசோதனை அளவுக்கு உதவும்.

உண்ணி மருந்து: நாய்க்கு உண்ணி போக வேண்டும் என்று பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கலந்து குளிப்பாட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எச்சில் ஒழுகல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தசைத் துடிப்பு, பிறகு வலிப்பு என்று வரிசையாக வரும். டவுன்ஷிப்பைத் தாண்டினால் முந்திரித் தோப்புகளும் வயல்களும்தான். அங்கே மேயப் போகும் நாய் மருந்து தெளித்த இடத்தில் எதையாவது நக்கியிருக்கலாம்.

மனிதர்களின் மாத்திரை: காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநயாசிட் நாய்களுக்குக் கடும் வலிப்பை உண்டாக்கும். மேசையில் வைத்த மாத்திரை அட்டை கடித்துக் கிடந்தால் அதைக் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

சைலிட்டால்: சர்க்கரை இல்லாத சூயிங்கம், சில சிரப்களில் இருக்கும் இனிப்பு. நாயின் ரத்தச் சர்க்கரையைத் தடாலென இறக்கிவிடும்.

பால் கொடுக்கும் தாய்: குட்டி போட்ட சில வாரங்களில், குறிப்பாகச் சிறிய இன நாய்களுக்கு, கால்சியம் குறைந்து உடல் விறைத்து நடுங்கும். ஊசி போட்டால் வேகமாகச் சரியாகும். தாமதித்தால் உயிர் போகும்.

கத்திரி வெயில்: மே மாதத்தில் வெப்பநிலை 40 டிகிரியைத் தொடும் ஊரில், தகர ஷெட்டுக்குள் கட்டிப்போட்ட நாய்க்கு வெப்பத் தாக்குதலாலேயே வலிப்பு வரும்.

பூனைக்குக் கணக்கு வேறு

பூனை குட்டி நாய் அல்ல. நாயைவிடப் பூனைக்கு வலிப்பு குறைவாகவே வருகிறது. வந்தால், பின்னால் வேறொரு நோய் இருக்கும் வாய்ப்பை மருத்துவர்கள் தீவிரமாகத் தேடுவார்கள். பூனைகளுக்கே உரிய வைரஸ் நோய்கள், டாக்ஸோபிளாஸ்மா கிருமி, வயதான பூனைகளில் உயர் ரத்த அழுத்தம், சிறுநீரகப் பழுது, மூளை உறைக் கட்டி ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. எனவே பூனைக்கு ரத்த அழுத்தம் பார்ப்பதும் வைரஸ் பரிசோதனையும் சேர்ந்துகொள்ளும்.

வலிப்பின் தோற்றமும் மாறும். முகம் துடிப்பது, எச்சில் ஒழுகுவது, மீசை சிலிர்ப்பது, யாரோ துரத்துவது போல அறைக்குள் தாறுமாறாக ஓடி மோதுவது என்று வரலாம். 'பேய் பார்த்துருச்சு' என்று விட்டுவிடுவது இப்படித்தான்.

நாய் உண்ணிக்கு முதுகில் விடும் பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்தைப் பூனைக்கு விட்டால், அல்லது மருந்து விட்ட நாயோடு பூனை ஒட்டிப் படுத்தால், நடுக்கமும் வலிப்பும் வரும். இது நேரடியாக உயிரைப் பறிக்கும் விஷயம்.

வயதான பூனைகளில் ஓசையால் வரும் வலிப்பும் உண்டு. 2015-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் 96 பூனைகளின் விவரங்களை வெளியிட்டனர். அலுமினியத் தாளைக் கசக்கும் ஒலி, பீங்கான் கிண்ணத்தில் ஸ்பூன் படும் ஒலி, சாவிக்கொத்துக் குலுங்கும் ஒலி ஆகியவை தூண்டுதல்களாக இருந்தன. கார்ட்டூனை நினைவுபடுத்தி இதற்கு 'டாம் அண்டு ஜெர்ரி சிண்ட்ரோம்' என்றே பெயர் வந்தது. அதாவது, வலிப்பை நிறுத்தும் என்று நம் ஊரில் நீட்டும் அதே சாவிக்கொத்து, சில பூனைகளுக்கு வலிப்பை வரவழைக்கிறது.

மாத்திரை எப்போது ஆரம்பிக்கும்?

வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, குறுகிய நேரம் வந்த வலிப்புக்குப் பெரும்பாலும் உடனே மாத்திரை தொடங்குவதில்லை. 6 மாதத்துக்குள் இரண்டு அல்லது அதற்கு மேல் வந்தால், ஒரே நாளில் அடுத்தடுத்து வந்தால், 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால், அல்லது எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் தொடங்க வேண்டும்.

1912-ல் மனிதர்களின் வலிப்புக்குப் பயன்படுத்தத் தொடங்கிய ஃபினோபார்பிட்டோன்தான் இன்றும் நாய்களுக்கு முதன்மை மருந்து. முதல் சில வாரங்களில் பசி, தாகம், தூக்கம் அதிகரிக்கும். இரண்டு வாரம் கழித்து ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து டோஸ் திருத்தப்படும். பிறகு குறிப்பிட்ட இடைவெளியில் கல்லீரலைக் கண்காணிக்க வேண்டும். லெவிடிராசிட்டம், பொட்டாசியம் புரோமைடு ஆகியவையும் உண்டு. பூனைக்குப் புரோமைடு கொடுப்பதில்லை, நுரையீரலைப் பாதிக்கும்.

இலக்கு என்ன என்பதில் தெளிவு வேண்டும். வலிப்பே வராமல் போனால் நல்லது. பல நாய்களுக்கு எண்ணிக்கையும் வேகமும் குறைவதுதான் வெற்றி. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நாய்களுக்கு ஒரு மருந்து போதாமல் இரண்டாவது சேர்க்க வேண்டியிருக்கும். "ரெண்டு மாசமா வரலையே, நிறுத்திரலாமா?" என்ற கேள்விக்கு ஒரே பதில்: கூடாது. திடீரென நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையான, நிற்காத வலிப்பு வரலாம். ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறப்பதும், அட்டை தீர்ந்த பிறகு கடை தேடுவதும் இதே ஆபத்தில்தான் முடியும்.

வலிப்பு வரும் அந்த நிமிடத்தில்...

கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு நிமிடம் பத்து நிமிடம் போலத் தோன்றும்.

படி, கட்டில் விளிம்பு, நீர்த்தொட்டி அருகில் இருந்து நகர்த்துங்கள். தலைக்குக் கீழே துணி வையுங்கள்.

வாய்க்குள் கை, ஸ்பூன், தண்ணீர் எதுவும் வேண்டாம். நாய் நாக்கை விழுங்காது. ஆனால் தன்னையறியாமல் பலமாகக் கடிக்கும்.

சாவி, வெங்காயம், செருப்பு எதுவும் உதவாது. வலிப்பு தானாக நிற்கும் நேரத்தில்தான் இவற்றுக்குப் பெயர் கிடைக்கிறது.

டிவியையும் பிரகாசமான விளக்கையும் அணையுங்கள். மின்விசிறி போடுங்கள், உடல் கொதித்தால் ஈரத்துணியால் துடையுங்கள்.

5 நிமிடம் தாண்டினாலோ, 24 மணி நேரத்தில் இரண்டாவது முறை வந்தாலோ, நடுவில் நினைவு திரும்பாவிட்டாலோ நேராக மருத்துவரிடம் போக வேண்டும். அடிக்கடி வரும் நாய்க்கு, மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரேயை வீட்டில் வைத்துக்கொள்ள மருத்துவர் எழுதித் தரலாம். அளவை அவர்தான் சொல்ல வேண்டும்.

எழுந்த பிறகு உடனே கட்டிப்பிடிக்காதீர்கள். சிறிது நேரம் கண் தெரியாமல், ஆளை அடையாளம் தெரியாமல் இருக்கும். பயத்தில் வீட்டுக்காரரையே கடிக்கும். குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். முழு நினைவு வந்த பிறகு கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் உணவு கொடுக்கலாம்.

மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டியவை

வலிப்பின் வீடியோ.
தேதி, நேரம், கால அளவு எழுதிய குறிப்பு.
ரேபிஸ், டிஸ்டெம்பர் தடுப்பூசி அட்டை.
கடந்த ஒரு மாதத்தில் கொடுத்த, தடவிய, தெளித்த எல்லா மருந்துகளின் பெயர். முடிந்தால் அட்டை அல்லது பாட்டில்.
முதல் வலிப்பு வந்தபோது என்ன வயது என்ற விவரம்.
அதே ஈற்றில் பிறந்த மற்ற குட்டிகளுக்கோ, தாய் தந்தைக்கோ வலிப்பு உண்டா என்று குட்டி கொடுத்தவரிடம் கேட்டறிந்த தகவல்.

மரபு சார்ந்த வலிப்பு நோய் என்று முடிவானால் அந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. அக்கம்பக்கத்தாரிடமும் விஷயத்தைச் சொல்லி வைப்பது அவசியம்: "இதுக்கு ஃபிட்ஸ் இருக்கு, மாத்திரை போகுது, ரேபிஸ் ஊசி போட்டாச்சு." நாய் எப்போதாவது கேட்டைத் தாண்டி ஓடிப்போய்த் தெருவில் விழுந்தால், கல்லெடுக்காமல் உங்களுக்குப் போன் செய்ய அவர்களுக்கு அந்தத் தகவல் போதும்.